சிமெண்ட் சோதனைச் சீட்டைக் காட்டு!

(தெருமுனைக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



நம்ம போருக்குக் கேசிங் பைப் இறக்குற மாதிரிதான் எண்ணெய்க் கிணத்துக்கும் இறக்குறாங்க. ஆனா அது ஆயிரக்கணக்கான அடி ஆழம். நாம குடிக்கிற, பாய்ச்சுற நீரோட்டத்தைத் துளைச்சுக்கிட்டுத்தான் கீழே போவுது. பைப்புக்கும் மண்ணுக்கும் நடுவுல உள்ள சந்தை அடைக்கிறது சிமெண்ட். எண்ணெயும் வாயுவும் நம்ம ஊத்துல கலக்காம காக்குறது அதுதான்.

சிமெண்டுக் கலவையைப் பைப்புக்குள்ளே செலுத்தி, அடியிலேருந்து வெளிப்பக்கமா மேலே ஏத்துவாங்க. ஆழம் அதிகமானா, பாரம் தாங்காம பாறை பிளந்து சிமெண்ட் அதுல ஓடிடும். அதனால இரண்டு கட்டமா போடுவாங்க. பைப்பு நடுவுல ‘ஸ்டேஜ் காலர்’னு துவாரமுள்ள ஒரு கருவி. கீழ்க்கட்டம் முடிஞ்சதும் துவாரத்தைத் திறந்து மேல்கட்டச் சிமெண்டை வெளியே விடணும், பிறகு மூடணும். மூடாம போனாலும், சிமெண்ட் இடைவெளி விட்டாலும் கசிவுக்கு வழிதான்.

2010 ஏப்ரல் 20இல் மெக்சிகோ வளைகுடாவில் கிணறு வெடித்து 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். சிமெண்ட் அடைப்பு தவறியதை அமெரிக்க அரசின் விசாரணைக் குழுவே சொன்னது.

2020 வேளாண் மண்டலச் சட்டம் புவனகிரி, கீரப்பாளையம், குமராட்சி, காட்டுமன்னார்கோயில், பரங்கிப்பேட்டை ஒன்றியங்களில் புதிய கிணறுகளைத் தடுத்தது. பழைய திட்டங்களைத் தொடவில்லை.

ஒலி அலை விட்டு சிமெண்ட் பிடிப்பை அளக்கும் சோதனை உண்டு. ஒவ்வொரு கிணற்றின் சோதனைச் சீட்டையும் ஊரார் முன் வை! சுற்றியுள்ள போர்த் தண்ணீரைச் சோதி! ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போடுவோம். குடும்பத்தோடு வாங்க!