மனசைப் படிக்கலாம் வாங்க!

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது வித்தை காட்டுப்பா" என்று சொல்லிச் செயலாளர் என்னை மேடையேற்றிவிட்டார். புறா, தொப்பி எல்லாம் என்னிடம் கிடையாது. சட்டைப் பையில் கிடக்கிற சில்லறை போதும்.

முதலாவது: ஒரு கையில் 5 ரூபாய் நாணயம், மறு கையில் 2 ரூபாய் நாணயம் வைத்து மூடிக்கொள்ளுங்கள். வலக்கையில் உள்ளதை 3-ஆலும், இடக்கையில் உள்ளதை 2-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். விடை ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்று மட்டும் சொல்லுங்கள். ஒற்றைப்படை என்றால் வலக்கையில் 5 (15+4=19). இரட்டைப்படை என்றால் வலக்கையில் 2 (6+10=16). அவ்வளவுதான் சங்கதி!

இரண்டாவதுக்கு ஒரு ஏலக்காய் வேண்டும். போடிக்காரங்க வந்திருக்கீங்க, ஏலக்காய்க்கா பஞ்சம்? நான் திரும்பி நின்றுகொள்கிறேன். ஏலக்காயை ஒரு கையில் மூடி, அந்தக் கையை நெற்றியில் வைத்து, "இந்தக் கைதான், இந்தக் கைதான்" என்று அரை நிமிஷம் மனசுக்குள் சொல்லுங்கள். மற்ற கை கீழே தொங்கட்டும். பிறகு இரண்டையும் மூடியபடி நீட்டுங்கள். தூக்கி வைத்திருந்த கையில் ரத்தம் இறங்கி, புறங்கை நரம்பு அமுங்கியிருக்கும். நான் சட்டென்று பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் இரண்டு கையும் ஒன்றுபோல ஆகிவிடும்.

மூன்றாவது: மூன்று இலக்க எண் ஒன்று எழுதுங்கள். முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் குறைந்தது 2 வித்தியாசம் இருக்கட்டும். 853 என்று வைப்போம். திருப்பினால் 358. கழித்தால் 495. அதையும் திருப்பி 594-ஐக் கூட்டினால் 1089. எந்த எண்ணில் தொடங்கினாலும் 1089தான் வரும். ஒரு தடித்த புத்தகத்தில் 108-ஆம் பக்கம், 9-ஆம் வரியை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டால், "நீங்கள் படிக்கிற வரி இதுதானே?" என்று அசத்திவிடலாம்.

கைதட்டுனீங்க, சந்தோஷம். ஆனால் நான் இதையெல்லாம் தேடிக் கற்றதற்கு ஒரு காரணம் உண்டு.

இறுதியாண்டில் நம் விடுதியில் ஒரு கைக்கடிகாரம் காணாமல் போயிற்று. மாணவர்கள் நாங்களே கம்பத்துப் பக்கமிருந்து மை போட்டுப் பார்ப்பவர் ஒருவரை அழைத்து வந்தோம். வெற்றிலையில் மை தடவி உற்றுப் பார்த்தவர், "ஒல்லியான ஆளு, இங்கனயே நடமாடுற ஆளு" என்றார். நான் உட்பட நாலைந்து பேர் மெஸ்ஸில் இலை எடுக்கும் பையனைத் திரும்பிப் பார்த்தோம். உடனே அவர், "இவந்தான்" என்றார். மையில் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் கண்ணில்தான் தெரிந்தது. பத்தாம் நாள் கடிகாரம் சொந்தக்காரனின் பெட்டித் துணிக்கடியிலேயே கிடைத்தது. அதற்குள் பையன் ஊரை விட்டே போயிருந்தான்.

பொதுவாகச் சொன்னால் எல்லாருக்கும் பொருந்தும். 1948-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர், தம் மாணவர்கள் 39 பேருக்கும் "உன் குணம் இது" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருத்தம் என்று கேட்டதற்கு 5-க்குச் சராசரி 4.26 மதிப்பெண் போட்டார்கள். எல்லாத் தாளிலும் ஒரே வாசகம்!

இலங்கையில் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர், அதிசய சக்தியை ஏமாற்றில்லாமல் நிரூபித்தால் லட்ச ரூபாய் என்று 1963-ல் சவால் விட்டார். அவர் 1978-ல் மறைந்த பின் கோவை போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த் அதே சவாலைத் தொடர்ந்தார். "அதிசயங்களை" ஊர் ஊராகத் தாமே செய்து காட்டி, செய்முறையையும் சொல்லிக் கொடுத்தார். 2009-ல் அவர் மறையும் வரை பணத்தை வாங்க யாராலும் முடியவில்லை.

பிள்ளைகளே, வீட்டில் போய்ச் செய்து பாருங்கள். முடித்ததும் "இது வித்தை, சக்தி இல்லை" என்று சொல்லிவிடுங்கள். நாணயம் எந்தக் கையில் என்று சொல்லுங்கள். திருடன் யார் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இந்தச் சந்திப்புக்கு அழைப்பு அனுப்ப எங்கள் செட் அத்தனை பேர் முகவரியும் தேடிப் பிடித்தோம். அந்தப் பையனையும் அழைக்கலாம் என்று விசாரித்தேன். அவன் பெயரே எங்களில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.