கூடத்தின் பொருளும் ஊரின் பொருளும்



ஒரு நாட்டின் கலைக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வருவோர் கட்டடத்தின் பரப்பையும் காட்சிப் பொருள்களின் எண்ணிக்கையையும் சொல்லித் தொடங்குவது வழக்கம். ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் 1,55,000-க்கும் மேற்பட்ட படைப்புகள் உள்ளன. ஆனால் அக்கூடத்தின் வரலாற்றை அறிய மூன்று படைப்புகளே போதும். ஒன்று பெரும் விலை கொடுத்து வாங்கியது. மற்றொன்று இறந்தோர் நினைவாகச் செய்வித்தது. மூன்றாவது, திருப்பிக் கொடுத்தது.

ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் 1901-இல் ஒரே நாடாக இணைந்தன. நாட்டுக்கென ஓவியங்கள் திரட்டும் முயற்சி 1911-இல் பிரதமர் ஆண்ட்ரூ ஃபிஷர் காலத்தில் தொடங்கியது. முதலில் சேர்ந்தவை தலைவர்களின் உருவப் படங்களே. திரட்டிய ஓவியங்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தனி வீடு இல்லை. நாடாளுமன்றச் சுவர்களிலும் அரசு அலுவலகங்களிலும் அவை தொங்கின. 1965-இல் பிரதமர் மென்சிஸ் அமைத்த குழு கலைக்கூடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. தலைநகர் கான்பராவில், ஏரிக் கரையில், காலின் மடிகன் என்னும் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் கான்கிரீட்டால் கட்டப்பட்ட கூடத்தை 1982 அக்டோபர் 12 அன்று இரண்டாம் எலிசபெத் அரசியார் திறந்து வைத்தார்.

கதவு திறப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே அக்கூடம் நாடறிந்த பூசலுக்கு உள்ளாகியிருந்தது. 1973-இல் அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் 1952-இல் வரைந்த 'நீலக் கம்பங்கள்' என்னும் ஓவியத்தை அது வாங்கியது. விலை 13 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட செலவுக்கு அரசின் ஒப்புதல் வேண்டும். பிரதமர் காஃப் விட்லம் ஒப்புதல் அளித்ததோடு நில்லாமல் விலையை வெளிப்படையாக அறிவிக்கவும் செய்தார். அதுவரை எந்த அமெரிக்கச் சமகால ஓவியத்துக்கும் அவ்வளவு விலை கொடுக்கப்பட்டதில்லை. ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளத் துணியில் வண்ணத்தைச் சொட்டியும் வீசியும் இழைத்த ஓவியம் அது. உருவம் எங்கே என்று கேட்டவர்கள் பலர். மக்கள் பணம் பாழாயிற்று என்று சினந்தவர்கள் அதனினும் பலர். விட்லமோ அவ்வாண்டின் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் அவ்வோவியத்தையே அச்சிட்டு அனுப்பினார்.

2016-இல் அதன் மதிப்பு 35 கோடி டாலர் வரை இருக்கும் என்று கணிக்கப்பட்டது. உடனே அதை விற்று நாட்டின் கடனைக் குறைக்கலாம் என ஒரு செனட் உறுப்பினர் யோசனை கூறினார். கூடம் விற்கவில்லை. வாங்கியபோது விலை மிகுதி என்பது குற்றச்சாட்டாக இருந்தது. பின்னர் அந்த விலை உயர்வே விற்பதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. இரண்டு வாதங்களுமே ஓவியத்தைப் பாராமல் விலைச்சீட்டைப் பார்த்து எழுந்தவை என்பது கருதத்தக்கது.

இரண்டாவது படைப்பு முற்றிலும் வேறான உலகைச் சார்ந்தது. 1988-இல் ஆஸ்திரேலியா ஐரோப்பியக் குடியேற்றத்தின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியது. வடக்கே ஆர்னம் லாந்துப் பகுதியின் ராமிங்கினிங்கையும் அதன் சுற்றூர்களையும் சார்ந்த 43 பழங்குடிக் கலைஞர்கள் அதே தருணத்தில் இருநூறு ஈமமரங்களைச் செய்தனர். கருத்தை முன்வைத்தவர் ஜான் மண்டைன் என்னும் பழங்குடிக் கலை அறிஞர். கரையான் உள்ளீட்டை அரித்துக் குடைந்த மரத்தில் தம் குலத்தின் கோலங்களை வரைந்து, இறந்தவரின் எலும்புகளை அதனுள் இட்டு நிறுத்துவது அம்மக்களின் ஈமமுறை. இந்த இருநூறு மரங்களில் எலும்புகள் இல்லை. ஆண்டுக்கு ஒன்றாக, தம் நிலத்தைக் காத்து மடிந்து, உரிய ஈமக்கடன் பெறாமல் போனவர்களுக்காக அவை நிற்கின்றன.

மரங்களின் நடுவே ஒரு பாதை வளைந்து செல்கிறது. அது அப்பகுதியின் கிளைட் ஆற்றைக் குறிப்பது. ஆற்றின் எந்தக் கரையில் எந்தக் குலத்தின் நிலம் உள்ளதோ, அந்த இடத்தில் அக்குலத்தின் மரங்கள் நிற்கின்றன. எனவே அதனூடே நடப்பவர் கல்லறைகளின் நடுவிலும் ஒரு நாட்டின் நடுவிலும் ஒருங்கே நடக்கிறார். இப்படைப்பைச் செய்விக்கக் கூடத்தின் நுழைவுக் கட்டண வருவாயும் பயன்பட்டது என்பது சிறு செய்தி. ஆயினும் பொருள் நிறைந்த செய்தி. பார்வையாளர் கொடுத்த காசு, அவர்களுள் பலரின் முன்னோரால் மாண்டவர்களுக்கு நினைவுச் சின்னமாயிற்று. 2022-இல் கூடம் அந்த ஈமமரங்களைத் தன் காட்சி அரங்குகளின் மையத்துக்கு மாற்றி வைத்தது.

தன் மண்ணின் இறந்தோருக்கு இவ்வாறு இடமளித்த அதே கூடம் மற்றொரு மண்ணின் பொருளை வாங்கும்போது கண் அயர்ந்தது. மூன்றாவது படைப்பின் கதை அதுவே.

2008-இல் அக்கூடம் ஓர் ஆடல்வல்லான் செப்புத் திருமேனியை 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. நான்கடிக்கும் மேற்பட்ட உயரம். சோழர் காலத்து வார்ப்பு. விற்றவர் நியூயார்க்கில் கலைப்பொருள் வணிகம் நடத்திய சுபாஷ் கபூர். அத்திருமேனி 1970-இலேயே தில்லியில் விற்கப்பட்டு அயல்நாட்டவர் ஒருவரின் குடும்பத்திடம் இருந்தது என்று காட்டும் ஆவணங்களும் உடன் வந்தன. ஆண்டு கவனிக்கத்தக்கது. இந்தியத் தொல்பொருள் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டது. அதற்கு முற்பட்ட விற்பனை என்றால் கேள்வி எழாது. ஆவணத்தைப் புனைந்தவர்கள் சட்டத்தை நன்கு படித்திருந்தனர்.

திருமேனியின் உண்மையான ஊர் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான். அங்குள்ள பிரகதீசுவரர் கோயில் வழிபாடு அருகிப் பூட்டிக் கிடந்த கோயில். பூட்டியிருக்கிறது என்ற நம்பிக்கையில் ஊர் இருந்தது. பூட்டுக்குப் பின்னால் திருமேனிகள் இல்லை என்பது வெகுநாள் கழித்தே தெரிய வந்தது.

பொய்யை உடைத்தது ஒரு நிழற்படம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல பத்தாண்டுகளாகத் தமிழகக் கோயில்களின் திருமேனிகளைப் படமெடுத்து அட்டவணைப்படுத்தி வந்தனர். 1994-இல் அவர்கள் ஸ்ரீபுரந்தானில் எடுத்த படத்தையும் கான்பராவின் காட்சிப் பொருளையும் ஆர்வலர்களும் இதழாளர்களும் அருகருகே வைத்தனர். 1970-இலேயே ஊரைவிட்டுப் போனதாகச் சொல்லப்பட்ட ஆடல்வல்லான் 1994-இல் தன் கோயிலுக்குள்ளேயே நின்று கொண்டிருந்தான். அதற்குமேல் எந்த ஆவணமும் நிற்கவில்லை.

கபூர் 2011-இல் ஜெர்மனியில் கைது செய்யப்பட்டு, 2012-இல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். கூடம் நெடுநாள் தயங்கியது. 2014 பிப்ரவரியில் கபூர்மீது நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. இந்திய அரசின் முறையான கோரிக்கை வந்தபின் திருமேனியைக் காட்சியிலிருந்து எடுத்தது. அவ்வாண்டு செப்டம்பர் 5 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் புதுதில்லியில் அதனை இந்தியப் பிரதமரிடம் ஒப்படைத்தார். சிட்னியிலுள்ள மாநிலக் கலைக்கூடத்தில் இருந்த விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீசுவரரும் உடன் திரும்பினார். சுத்தமல்லி வரதராசப் பெருமாள் கோயில் களவு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் கபூருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

இழப்பு கூடத்துக்குப் பாடமாயிற்று. ஆவணம் பொய்யென்று பிறர் மெய்ப்பிக்கும்வரை காத்திராமல், களவுப் பொருளாக இருக்கவே வாய்ப்பு மிகுதி என்று தோன்றினாலே திருப்பித் தரலாம் என்ற நெறியை அது பின்னர் வகுத்துக்கொண்டது. 2021-இல் பதினான்கு படைப்புகளை இந்தியாவுக்குத் திருப்புவதாக அறிவித்தது. அவற்றுள் 1989-இல் வாங்கிய ஆடும் குழந்தைச் சம்பந்தர் திருமேனியும் ஒன்று. 2023-இல் மூன்று செப்புத் திருமேனிகளின் உரிமையைக் கம்போடியாவுக்கு அளித்தது. ஆயினும் அந்நாட்டின் இசைவோடு அவற்றைச் சில காலம் கான்பராவிலேயே காட்சியில் வைத்துக்கொள்ள உடன்பாடு ஏற்பட்டது. உரிமை ஒருவரிடம், காட்சி மற்றொருவரிடம் என்ற இவ்வேற்பாடு, திருப்பிக் கொடுத்தால் கூடங்கள் காலியாகிவிடும் என்னும் அச்சத்துக்குத் தக்க விடையாகும்.

எனினும் கதையை இங்கே மங்கலமாக முடித்துவிடுதல் நேர்மையாகாது. நாடு திரும்பிய ஆடல்வல்லான் ஸ்ரீபுரந்தானுக்கு நேரே செல்லவில்லை. வழக்கின் சான்றுப் பொருளாக நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டு, கும்பகோணத்தில் உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையத்தில் சேர்க்கப்பட்டான். கான்பராவில் கண்ணுக்கு விருந்தாக நின்றவன் சொந்த நாட்டில் பூட்டிய அறைக்குள் நின்றான். அங்கே பார்த்தார்கள், வணங்கவில்லை. இங்கே வணங்க வேண்டியவர்கள் பார்க்கவும் இயலவில்லை. இதைச் சுட்டி, அங்கேயே இருந்திருக்கலாமே என்பார் உளர். களவு போன பொருளை நன்றாகத் துடைத்து வைத்திருந்தான் என்பதால் வாங்கியவனுக்கு அது உரிமையாகிவிடாது. ஆயினும் அவர்கள் வாதத்தில் ஒரு குத்தல் உண்டு. அது ஊரை நோக்கியது. உற்சவத் திருமேனி வீதிக்கு வருவதற்கென வார்க்கப்பட்டது. உலா நின்றபின், அது இருக்கிறதா இல்லையா என்பதைக் கேட்பார் இல்லை. பூட்டு காவல் ஆகாது; கேட்பார் இருப்பதே காவல்.

கவிஞர்கள் கூடிய அவையில் இதைச் சொல்லக் காரணம் உண்டு. பாடியவர் பெயர் உதிர்ந்து, பாடிய ஊரும் சூழலும் மறைந்து, பாட்டு மட்டும் கைமாறி வருவதைத் தமிழ் நெடுங்காலமாகக் கண்டிருக்கிறது. பெயரை மாற்றி எழுதிக்கொள்வோர்க்கு அத்தகைய பாட்டு எளிய பொருள். புதுச்சேரியிலிருந்து சென்று படமெடுத்தவர்கள் களவைத் தடுக்கவென்று செல்லவில்லை. ஊர், கோயில், திருமேனி, நாள் என்று குறித்து வைத்தார்கள், அவ்வளவே. இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்தக் குறிப்பு ஒரு நாட்டின் பிரதமரைக் கைநீட்டித் திருப்பிக் கொடுக்க வைத்தது.

பத்தாண்டு நிறைவு மலர் ஒன்றின் பயனும் இதுவே. யார், எந்த நாளில், எந்த அவையில், எதைப் பாடினார் என்பதைப் பிழையின்றிக் குறித்து வைப்பது ஆரவாரமற்ற பணி. அக்குறிப்பை என்று, எவர், எதற்காகத் தேடுவார் என்பது எழுதுகிறவருக்குத் தெரியாது. தெரியாமலே அதைச் செய்தல் வேண்டும்.