சீண்டப்படுபவன் யார்?
(கோட்டையூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



கோட்டையூரில் கல்வியைப் பற்றிப் பேச வருகிறவர் வள்ளல் அழகப்பரை வணங்காமல் தொடங்க முடியாது. 1947-இல் காரைக்குடியில் கல்லூரி கண்டவர், மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலம் கொடுத்தவர், இந்த ஊர்க்காரர். தாளைத் தாளாகச் சேர்த்து ஒரு நூலகத்தையே நமக்கு விட்டுச்சென்ற ரோஜா முத்தையாவும் இவ்வூர்க்காரர்தான். அறக்கட்டளை நிறுவிய குடும்பத்தாருக்கும் அழைத்தவர்களுக்கும் என் நன்றி. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

1. பழைய வழக்கு

முன்வரிசையில் கல்வியியல் துறை நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது அவர்களுக்குப் பாதி தெரியும். மீதியையும் இன்று சொல்லிவிடுகிறேன்.

பள்ளியில் சக மாணவர்களின் சீண்டலுக்கு ஆளாகும் வளரிளம் பருவத்தினர் மனத்தாலும் நடத்தையாலும் பாதிக்கப்படுகிறார்கள். இதில் எங்களுக்குள் சண்டை இல்லை. எதை அளப்பது என்பதில்தான் சண்டை. நம் ஆய்வேடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டு வினாநிரலைத் தமிழாக்குவார்கள். நான்கு பள்ளிகளில் கொடுத்து நிரப்பி வாங்குவார்கள். ஆணா பெண்ணா, கிராமமா நகரமா, அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா என்று பிரித்துப் பார்த்து, 'குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு' அல்லது 'இல்லை' என்று முடிப்பார்கள். தன்னம்பிக்கை குறைந்தவன் சீண்டப்படுகிறான், ஆகவே அவனுக்கு ஆலோசனை கொடுங்கள் என்று பரிந்துரை வரும். சிலர் சமூகம் என்று ஒரு கட்டமும் வைப்பார்கள். ஆனால் யார் யாரைச் சீண்டினார் என்று இரண்டு பெயர்களையும் சேர்த்துப் பார்க்க அந்தத் தாளில் இடமிருக்காது.

சீண்டல் பற்றிய ஆய்வின் முன்னோடி டான் ஒல்வேயஸ். 1982-இல் நார்வேயில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமைதான் காரணமாகச் சொல்லப்பட்டது. மறு ஆண்டே அந்த நாடு பள்ளிகள்தோறும் தடுப்பு இயக்கம் நடத்தியது. அதற்கு வழிகாட்டியவர் அவர். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவருக்கும் இடையில் வலுவில் ஏற்றத்தாழ்வு இருப்பது என்று மூன்று அடையாளங்களை அவர் சொன்னார். நம்மவர்கள் முதல் இரண்டைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவதை உயரம், எடை, கூச்ச சுபாவம் என்று சுருக்கிவிட்டார்கள். நம் ஊரில் ஒரு பையனின் வலுவை அறிய யாரும் அவன் எடையைப் பார்ப்பதில்லை. "தம்பி எந்த ஊரு? ஊருல எந்தத் தெரு?" என்றுதான் கேட்கிறார்கள்.

2. நாங்குநேரி

2023 ஆகஸ்ட் 9. நீங்கள் எல்லோரும் செய்தித்தாளில் படித்ததுதான். அதை வரிசைப்படி பார்க்கும்படி கேட்கிறேன்.

நாங்குநேரியைச் சேர்ந்த பட்டியல் சமூகத்து மாணவன் வள்ளியூர்ப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறான். நன்றாகப் படிக்கிறவன். உடன் படிக்கும் ஆதிக்க சாதி மாணவர்கள் சிலர் அவனைச் சீண்டுகிறார்கள், ஏவல் வேலை வாங்குகிறார்கள், சாதியைச் சொல்லி இழிவுபடுத்துகிறார்கள். பையன் வீட்டில் வாய் திறக்கவில்லை, பள்ளிக்குப் போவதை நிறுத்திக்கொள்கிறான். பள்ளியிலிருந்து விசாரித்தபோதுதான் உண்மை வெளியே வருகிறது. புகார் கொடுக்கப்படுகிறது. அன்று இரவே அரிவாளோடு வீடு புகுந்து வெட்டுகிறார்கள். தடுத்த தங்கையையும் வெட்டுகிறார்கள். பிடிபட்டவர்களும் பதினெட்டு வயது நிரம்பாத பையன்கள்தான்.

இப்போது நம் வினாநிரலை இந்தப் பையனிடம் கொடுத்துப் பார்ப்போம். பலவீனன், படிப்பில் மந்தம், தன்னம்பிக்கை இல்லாதவன் என்ற வரையறைக்குள் அவன் வருவானா? வரமாட்டான். அவன் நன்றாகப் படித்தான் என்பதே சிலர் கண்ணை உறுத்தியது. குறை எதுவும் அவனிடம் இல்லாதபோது ஆலோசகர் அவனை எப்படித் திருத்துவார்?

அடுத்து, அவன் பள்ளிக்கு வராத நாட்களைப் பாருங்கள். பயம், வெட்கம், தூக்கமின்மை, காலையில் வயிற்றுவலி என்று நூல்கள் அடுக்குகிற அறிகுறிகள் எல்லாம் ஆசிரியர் கைக்கு வரும்போது வருகைப்பதிவேட்டில் 'வரவில்லை' என்ற ஒரு குறியாகத்தான் வருகின்றன. அந்தக் குறியைப் படிக்கத் தெரிந்த ஆசிரியர் வேறு கருவி தேடவேண்டியதில்லை.

மூன்றாவதாக, புகார். "பயப்படாதே, டீச்சரிடம் சொல்" என்பதுதான் நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முதல் அறிவுரை. இங்கே சொன்னதற்குக் கிடைத்தது அரிவாள். சீண்டல் வகுப்பறையில் பிறந்து பள்ளிக் கேட்டோடு முடிவதாக எண்ணி எழுதிய கையேடு எதுவும் அந்த இரவுக்கு உதவாது. பள்ளியின் அதிகாரம் மாலை மணியோடு முடிந்தது, தெருவின் அதிகாரம் அப்போதுதான் தொடங்கியது.

நான்காவதாக, வெட்டிய பையன்கள். 'நடத்தைக் கோளாறு' என்று நண்பர்கள் எழுதுவார்கள். கையில் தன் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதற்கு எந்தக் கோளாறும் வேண்டாம், பெரியவர்களின் ஆசி போதும். அத்தகைய கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019-இல் பள்ளிக் கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சரே பின்வாங்கினார். பதினாறு வயதுப் பையன் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வான்?

சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூன் 18-இல் அறிக்கை தந்தது. கயிறும் மோதிரமும் வேண்டாம், பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம், ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராகவோ முதன்மைக் கல்வி அலுவலராகவோ அமர்த்த வேண்டாம் என்றது. நான் இத்தனை காலம் துறைக் கூட்டங்களில் வாதாடியதை ஒரு நீதிபதி எழுதிவிட்டார். சீண்டலுக்கான மருந்தை அவர் தனிப்பட்ட பையனின் மனத்தில் மட்டும் தேடவில்லை, பள்ளியின் அமைப்பில் தேடினார்.

அந்த மாணவன் 2024 பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 469 வாங்கினான். இதைக் கேட்டுக் கைதட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். மதிப்பெண் வந்ததால் காயம் ஆறியதாக ஆகாது.

3. ஆறாத காயம்

பிரிட்டனில் 1958-இல் பிறந்த குழந்தைகளை ஐம்பது வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வில், சிறுவயதில் அடிக்கடி சீண்டப்பட்டவர்களிடம் ஐம்பதிலும் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. தானும் சீண்டப்பட்டு, பிறரையும் சீண்டுகிறவன் நிலை மிக மோசம் என்று ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. இவை தனியே ஒரு சொற்பொழிவுக்கு உரியவை.

4. சட்டம்

செட்டிநாட்டு அரசர் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1996-இல் மாணவர் நாவரசு பகடிவதையில் (ராகிங்) கொல்லப்பட்டார். அதையொட்டிப் பகடிவதைத் தடைச் சட்டம் 1997-இல் வந்தது. இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு. பள்ளி ஆசிரியர் அறைகளில் அதைப்பற்றிப் பேச்செடுத்து நான் கேட்டதில்லை.

5. இனி செய்யவேண்டியவை

நேரமாகிவிட்டதாகத் தலைவர் சைகை காட்டுகிறார். விரைவாகச் சொல்கிறேன். யார் யாரைச் சீண்டுகிறார் என்று இணையாகப் பதியும் கருவி வேண்டும். வேடிக்கை பார்த்தவர்களைப் பற்றிய ஆய்வு வேண்டும். மாணவிகள் நடுவே நடக்கும் ஒதுக்கிவைத்தல், வாட்ஸ்அப் குழுச் சீண்டல், பள்ளிகளில் மாணவர் குறை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டியில் விழும் கடிதங்களின் கதி ஆகியவற்றை இளைய ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளட்டும். அழகப்பா பல்கலைக்கழகம் இங்கே பக்கத்தில்தானே இருக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேர்ந்தாற்போல் மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒருநடை போய் வாருங்கள். புகார் கொடுத்த பிள்ளை அன்று மாலை யாரோடு, எந்த வழியாக வீடு திரும்புகிறது என்று விசாரித்த பிறகு நீங்கள் வீட்டுக்குக் கிளம்புங்கள். வினாநிரலை மறுநாள் கொடுத்துக்கொள்ளலாம்.