காக்கையின் பச்சை உறவினர்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வகுப்பறை அனுபவம் ஒன்றைப் பகிரச் சொன்னார்கள். நன்றாக நடந்த பாடத்தைப் பற்றித்தான் வழக்கமாகப் பேசுவோம். நான் தவறவிட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

என் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி. வருகைப் பதிவின்போது அவள் "உள்ளேன் டீச்சர்" என்றதும் பின் வரிசையிலிருந்து "கா... கா..." என்று குரல் வரும். அவள் நிறத்துக்கான கேலி அது. வகுப்பு சிரிக்கும்; அவளும் சிரிப்பாள். அவளே சிரிக்கிறாளே என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு அவள் "உள்ளேன்" சொல்வதை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் உயர்த்தத் தொடங்கினாள். அதைக் கவனிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

கண்டித்தால் வகுப்பில் அடங்கும், மைதானத்தில் தொடரும். நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனவே கேலியைப் பற்றி எதுவும் பேசாமல், வகைப்பாட்டுப் பாடத்துக்கு ஐந்து பறவைப் படங்களைப் பெயர் எழுதாமல் பலகையில் ஒட்டினேன். காக்கை, ஆண் குயில், கரிச்சான், வால்காக்கை, பச்சை மேக்பை. "இவற்றில் மூன்று ஒரே குடும்பம். எவை?" என்று கேட்டேன்.

எல்லாக் குழுக்களும் ஒரே விடையைத்தான் எழுதின. காக்கை, குயில், கரிச்சான். மூன்றும் கறுப்பு அல்லவா!

விடை தவறு. குயிலுக்கும் கரிச்சானுக்கும் தனித்தனிக் குடும்பங்கள் உண்டு. காக்கையின் உறவினர்கள், செம்பழுப்பு உடலும் நீண்ட வாலும் கொண்ட வால்காக்கையும், இலைப்பச்சை உடலும் சிவந்த அலகும் கால்களும் கொண்ட பச்சை மேக்பையும்தான். "நிறத்தை மறந்துவிட்டு மறுபடி பாருங்கள்" என்றேன். தடித்த வலுவான அலகு, மூக்குத் துளையை மூடும் விறைத்த மயிரிறகுகள், உறுதியான கால்கள் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள்.

வால்காக்கை எங்கள் பள்ளிக்குப் பின்னால் உள்ள பனந்தோப்புக்கே வரும். பச்சை மேக்பையைப் பார்க்க உத்தராகண்ட் தொடங்கி வடகிழக்கு மாநிலங்கள் வரையிலான இமயமலைக் காடுகளுக்கோ தென்கிழக்கு ஆசியாவுக்கோ போக வேண்டும். பூச்சி, தவளை, பல்லி, பிற பறவைகளின் குஞ்சு எனப் பலவற்றையும் தின்னும். அதிலும் அது காக்கையின் உறவுதான்!

அந்தப் பச்சை எப்படி வருகிறது என்பதுதான் பாடத்தின் சுவையான பகுதி. அதன் இறகில் பச்சை நிறமி கிடையாது. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலத்தைத் தருகிறது. உணவிலிருந்து பெறும் கரோட்டினாய்டு நிறமி மஞ்சளைத் தருகிறது. இரண்டும் சேர்ந்தால் பச்சை. வெளிர்நீலத் தாளின்மேல் மஞ்சள் கண்ணாடித்தாளை வைத்துக் காட்டினேன். நீங்களும் செய்து பார்க்கலாம். கூண்டில் அடைபட்டு, ஏற்ற உணவு கிடைக்காத பறவை பச்சை மங்கி நீலமாகிவிடுகிறது. இந்தோனேசியாவின் ஜாவா பச்சை மேக்பை, கூண்டுப் பறவை வணிகத்தாலும் காடழிப்பாலும் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. எந்த அழகுக்காகப் பிடிக்கிறார்களோ, அந்த அழகே கூண்டில் நிலைப்பதில்லை.

அப்போது அந்த மாணவி கேட்டாள்: "காக்காவோட கறுப்பு மங்குமா டீச்சர்?"

பல நாட்களுக்குப் பிறகு அவள் வகுப்பில் வாய் திறந்தாள். சொன்னேன்: "காக்கையின் கறுப்புக்குக் காரணம் மெலனின். மேக்பை தன் மஞ்சளை உணவிலிருந்து வாங்குவதுபோல் காக்கை இதை வாங்குவதில்லை. தன் உடலிலேயே உருவாக்கிக்கொள்கிறது. இறகு எளிதில் தேய்ந்துபோகாமல் காப்பதும் அதுதான். நம் தோலில் இருப்பதும் மெலனின்தான். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நம்மைக் காக்கிறது. உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது."

பின் வரிசை மாணவன் ஒருவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

அந்தக் குடும்பத்தின் அறிவைப் பற்றியும் பேசினோம். ஜெர்மனியில் ஐந்து கறுப்பு வெள்ளை மேக்பைகளின் கழுத்தில், கண்ணாடியில் மட்டுமே தெரியும்படி வண்ணப் பொட்டு ஒட்டிச் சோதித்தார்கள். அவற்றில் இரண்டு, கண்ணாடியைப் பார்த்துத் தம் உடலில் இருந்த பொட்டை அகற்ற முயன்றன. 2008இல் வெளியான ஆய்வு இது. கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று அறிந்துகொள்ளும் உயிரினங்கள் மிகச் சிலவே.

ஒரே பாடத்தில் கேலி நின்றுவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் அன்று மாலை அந்த மாணவியைத் தனியே அழைத்து, "முன்பே நான் தடுத்திருக்க வேண்டும்மா" என்றேன். அவள் தலை குனிந்தபடி சொன்னாள்: "நீங்களும் ஒரு நாள் சிரிச்சீங்க டீச்சர்."

எனக்கு அது நினைவில்லை. அவளுக்கு நினைவிருக்கிறது.

அந்த ஐந்து படங்களை உங்கள் வகுப்பிலும் ஒட்டிப் பாருங்கள். வகைப்பாடு நன்றாகப் புரியும். ஆனால் அதற்கு முன், நாளைக் காலை வருகைப் பதிவு எடுக்கும்போது, யார் குரல் கொடுக்காமல் கையை மட்டும் உயர்த்துகிறார்கள் என்று ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.