அளவும் முத்திரையும்



ஐப்பசி அடைமழையில் காரைக்காலில் இத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்று வானிலை நிலையத்தார் குறித்து வைக்கின்றனர். அந்த எண்ணைப் பாரிஸில் உள்ள ஆராய்ச்சியாளரும் டோக்கியோவில் உள்ளவரும் விளக்கம் கேளாமலே புரிந்துகொள்கின்றனர். இஃது எவ்வாறு இயன்றது?

1795-ஆம் ஆண்டில் மீட்டர் அளவைச் சட்டமாக்கிய நாடு பிரான்சு. 1954 நவம்பர் 1 வரை நம் காரைக்காலை ஆண்டதும் அந்நாடே. எனினும், அவ்வளவைத் தன் தனியுடைமை என்று அது வேலியிட்டுக்கொள்ளவில்லை. 1875-இல் 17 நாடுகள் பாரிஸில் மீட்டர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. 1957-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. 1958 அக்டோபர் முதல் வீசையும் பலமும் படிப்படியாக விலக, கிலோகிராம் நம் கடைகளுக்கு வந்தது. மீட்டரால் அளப்பதற்கு எவரும் எவரிடமும் உரிமம் பெற வேண்டுவதில்லை. பலரும் எடுத்தாள்வதால்தான் அறிவியல் அளவுக்கு மதிப்பு உண்டாகிறது.

அப்படியாயின், முத்திரைக்கு மட்டும் காவல் எதற்கு? நானும் ஒரு காலத்தில் இவ்வாறே கேட்டவன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு மின்சலவைப் பெட்டி. ஐ.எஸ்.ஐ. முத்திரையை நம்பி அதை வாங்கினேன். ஒரு திங்களுக்குள், அதைத் தொட்ட என் தங்கையை மின்சாரம் தாக்கியது. நல்ல வேளையாக உயிர் பிழைத்தாள். அதன் பின்னரே முத்திரையை உற்று நோக்கினேன். மேலே இருக்க வேண்டிய தரநிலை எண்ணும் இல்லை. கீழே இருக்க வேண்டிய உரிம எண்ணும் இல்லை. முத்திரை போலி!

1952-ஆம் ஆண்டுச் சட்டம் இம்முத்திரைக்குக் காவலிட்டதன் காரணத்தை அன்று உணர்ந்தேன். தரநிலை என்பது வழிமுறை. அதை எந்தப் பட்டறைக்காரரும் படித்துப் பின்பற்றலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் இன்று தன் தரநிலைகளை இணையத்தில் கட்டணமின்றியே தருகிறது. முத்திரையோ, அவ்வழியில் நடந்ததைச் சோதித்தறிந்தவர் கூறும் சாட்சி. வழி எல்லார்க்கும் பொது. சாட்சியை எவரும் தாமே எழுதிக்கொள்ளலாகாது.

வழிக்கு வேலியிட்டால் அறிவு முடங்கும். சாட்சிக்குக் காவல் இல்லையேல் உயிருக்கே இடர் நேரும். இவ்வேறுபாட்டை மறவாதீர்கள். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, முத்திரையோடு நின்றுவிடாமல், அந்த இரண்டு எண்களையும் பாருங்கள்.