கஷ்கொட்டையும் ரப்பர்க் கொட்டையும்



சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் பக்கம் வாழும் உறவினரைக் காணச் செல்வோர், வறுத்த கஷ்கொட்டைப் பொட்டலம் வாங்கி வருவதுண்டு. மலாய்க்காரர் இதனைப் பெராங்கான் என்பர். சீனர் இதனைப் பெரிய சட்டியில் மணலும் சர்க்கரையும் சேர்த்து வறுக்கின்றனர்; கோழிக்கறியுடன் சமைக்கின்றனர். ஐரோப்பிய மலைவாழ் மக்களோ மாவாக அரைத்து ரொட்டி சுட்டு உண்டு வந்தனர்.

நிலக்கடலையில் ஏறக்குறையப் பாதி கொழுப்பாகும். கஷ்கொட்டையிலோ 100 கிராமுக்குச் சுமார் 2 கிராம் கொழுப்பே உண்டு, மாவுச்சத்தே மிகுதி. ஆகவே, நம் பலாக்கொட்டையைப் போல, இதனையும் சோறு, கிழங்கு போன்ற உணவாகவே கருதுதல் வேண்டும். நீரிழிவு உடையோர் அளவோடு உண்பது நன்று.

சமைக்குமுன் மேலோட்டில் கத்தியால் ஒரு கீறல் இடுங்கள். இல்லையேல் நெருப்பில் வெடிக்கும். வெந்தபின், சூடு ஆறுமுன் துவர்க்கும் உள்தோலையும் உரித்துவிடுங்கள்.

தாய்மார்களே, ஒன்றை மறவாதீர்கள். கஷ்கொட்டையின் சுவை அறிந்த குழந்தை, நிரையில் உதிர்ந்து கிடக்கும் ரப்பர்க் கொட்டையையும் அதுவென்று எண்ணி உடைத்துத் தின்னக்கூடும். பச்சை ரப்பர்க் கொட்டையில் சயனைடு நஞ்சை வெளிவிடும் பொருள் உள்ளது. வாந்தி, தலைச்சுற்றல், மூச்சுத் திணறல் உண்டாகலாம். உயிருக்கும் ஆபத்து நேரலாம். தின்றது தெரிந்தால், கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மிஞ்சிய கொட்டையையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரப்பர்க் கொட்டை வாயில் வைக்கத்தக்கது அன்று என்பதைப் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லி வையுங்கள்.