1616: எழுதியவரும் காத்தவரும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு என்பது ஓர் இலக்கிய அமைப்பின் வாழ்வில் சிறிய காலமன்று. திங்கள்தோறும் கூடினோம், எழுதியதைப் படித்தோம், படித்ததைப் பற்றி வாதிட்டோம், கலைந்தோம். அவ்வாறு படிக்கப்பட்டவை இன்று எங்கே இருக்கின்றன? இந்த வினாவோடுதான் உலக வரலாற்றின் ஓர் ஆண்டை உங்கள்முன் வைக்க விழைகிறேன். அவ்வாண்டு 1616.

அரசியல் வரலாறு எழுதுவோர்க்கு அவ்வாண்டில் செய்திகள் பல உண்டு. ஜப்பானில் தோக்குகவா ஆட்சியை நிறுவிய இயேயாசு மறைந்தார். மஞ்சூரியாவில் நூர்ஹாசி தம்மை அரசராக அறிவித்துக்கொண்டார். அவர் வழியினரே பின்னர்ச் சீனத்தை ஆண்டனர். ஸ்கௌட்டன், லெ மேர் என்னும் டச்சுக் கடலோடிகள் ஜனவரியில் தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹார்ன் முனையைச் சுற்றிப் பசிபிக்கை அடைந்தனர். அதே திங்களில் ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ, அஜ்மீரில் பேரரசர் ஜஹாங்கீரின் அவையில் நின்றார்.

ஆயினும், எழுத்தை நேசிப்போர் அவ்வாண்டை நினைப்பது வேறு காரணத்தால். ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23ஆம் நாள் ஒருங்கே மறைந்தனர் என்று மேடைதோறும் கூறுவர். கேட்க இனிய செய்தி. ஆனால் சரியான செய்தியன்று. ஸ்பெயின் 1582இலேயே புதிய நாள்காட்டியை ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்து 1752 வரை பழையதையே பின்பற்றியது. இரண்டிற்கும் இடையே அப்போது பத்து நாள் வேறுபாடு. செர்வாண்டிஸ் மாட்ரிட் நகரில் மறைந்தது 22ஆம் நாள் என்றும், 23 அடக்கம் செய்யப்பட்ட நாள் என்றும் அறிஞர் கொள்வர். யுனெஸ்கோ 1995இல் அந்நாளை உலகப் புத்தக நாளாக அறிவித்தது. நாள் பொருந்தாவிடினும் நோக்கம் நன்று.

அவ்விருவரும் எதை விட்டுச் சென்றனர் என்பதே நான் கருதும் செய்தி. ஷேக்ஸ்பியர் 1616 மார்ச் 25இல் தம் உயிலை முடித்தார். மூன்று தாள் கொண்ட அந்த உயிலில் வீடும் நிலமும் பாத்திரமும் கட்டிலும் பேசப்படுகின்றன. நாடகங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உடன் நடித்த நண்பர்களாகிய பர்பேஜ், ஹெமிங்ஸ், காண்டெல் மூவர்க்கும் நினைவு மோதிரம் வாங்கச் சிறுதொகை வைத்தார். அம்மூவருள் ஹெமிங்சும் காண்டெலும் ஏழாண்டு கழித்து, 1623இல், அவருடைய நாடகங்கள் முப்பத்தாறைத் தொகுத்து வெளிக்கொணர்ந்தனர். அவற்றுள் பதினெட்டு அதற்குமுன் அச்சேறாதவை. ‘மாக்பெத்’, ‘ஜூலியஸ் சீசர்’, ‘புயல்’ ஆகியவை அப்பதினெட்டில் அடங்கும். இரு நண்பர்கள் சோம்பியிருந்தால் நாம் இழந்திருக்கக்கூடியவை எவை என எண்ணிப் பாருங்கள்!

தொகுப்பதற்குத் துணிவு வேண்டும். அதற்கு வழிகாட்டியவர் பென் ஜான்சன். அதே 1616இல் தம் நாடகங்களையும் கவிதைகளையும் தாமே திரட்டிப் பெரிய அளவில் அச்சிட்டு, ‘படைப்புகள்’ என்று பெயரிட்டார். விளையாட்டு நாடகங்களுக்கு இத்தனை பெரிய பெயரா என்று அக்காலத்தார் எள்ளி நகையாடினர். அந்த நகைப்பை அவர் தாங்கிக்கொண்டதால் பின்வந்தோர்க்குப் பாதை எளிதாயிற்று.

செர்வாண்டிஸ் தம் இறுதி நூலின் காணிக்கையுரைக்கு இட்ட நாள் ஏப்ரல் 19. சமயச் சடங்குப்படி இறுதி எண்ணெய்ப் பூச்சு பெற்றபின், இறப்பிற்குச் சில நாள் முன்பு எழுதியது அது. நூல் 1617இல் வெளிவந்தது. அதற்குரிய அச்சுரிமையைப் பெற்று வெளிவரச் செய்தவர் அவருடைய மனைவி கத்தலினா. நாவலாசிரியரை அறிந்தோர் கோடி. அந்த அம்மையாரை அறிந்தோர் சிலரே.

அவ்வாண்டிலேயே சீனத்து நாடக ஆசிரியர் தாங் சியான்சூவும் மறைந்தார். கனவில் கண்டவனுக்காக உயிர்நீத்து மீண்டும் உயிர்பெறும் பெண்ணின் கதையை ஐம்பத்தைந்து காட்சிகளில் பாடிய ‘பியோனி மண்டபம்’ அவருடையது. இசைக்குப் பொருந்தவில்லையென்று பிறர் அதைத் திருத்தியபோது அவர் கண்டித்தார். திருத்தியவர்களின் காலம் போயிற்று. குன்சூ இசைநாடக மேடையில் அந்நாடகம் இன்றும் வாழ்கிறது.

காக்கும் கை உள்ள இடத்தில் தடுக்கும் கையும் உண்டு. 1616 மார்ச் 5இல் ரோமானியத் திருச்சபை, புவி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கசின் நூலைத் திருத்தம் பெறும்வரை நிறுத்திவைத்தது. திருத்தப் பட்டியல் 1620இல் வந்தது. ஆயினும் இத்தாலிக்கு வெளியே இருந்த படிகள் பலவற்றில் அத்திருத்தங்கள் ஏறவே இல்லை. பல கைகளில் பரவிய நூலை ஓர் ஆணை அடக்கிவிட இயலவில்லை.

இறுதியாக ஒரு தட்டு. 1616 அக்டோபர் 25இல் டிர்க் ஹார்ட்டோக் என்னும் டச்சு மாலுமி மேற்கு ஆஸ்திரேலியக் கரையோரத் தீவொன்றில் இறங்கினார். உணவுத் தட்டு ஒன்றைத் தட்டையாக்கி, கப்பலின் பெயரையும் நாளையும் பொறித்து, கம்பத்தில் அறைந்து சென்றார். 1697இல் வந்த விளாமிங் அதைக் கண்டார். பழைய வரிகளைப் புதிய தட்டில் படியெடுத்து, தம் செய்தியையும் அதன்கீழ்ச் சேர்த்து அங்கு நிறுத்தினார். பழையதைப் பத்திரமாக எடுத்துச் சென்றார். அது இன்று ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் உள்ளது. முன்னவர் எழுத்தை முதலில் எழுதி, தம் எழுத்தைப் பின்னர் எழுதிய அப்பண்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அவையோரே, இவற்றையெல்லாம் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று ஐயுறுகிறேன். நம் வட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் கோடிட்ட குறிப்பேட்டிலிருந்து கவிதை படித்த மூத்தவர் ஒருவரை உங்களுள் பலர் அறிவீர்கள். “இவற்றைப் படியெடுத்துத் தர இயலுமா அம்மா?” என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். “விடைத்தாள் திருத்தும் பணி முடியட்டும் ஐயா” என்றேன். அப்பணி ஆண்டுதோறும் முடிந்தது. ஆண்டுதோறும் மீண்டும் வந்தது. அவர் மறைந்தபின் இல்லம் சென்றேன். பழைய தாள்களோடு குறிப்பேடுகளும் எடைக்குப் போய்விட்டன என்றனர். அவர்களைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. ஆய்வுப் பட்டத்திற்காகச் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தவள், அடுத்த தெருவில் இருந்த குறிப்பேட்டைத் தவறவிட்டேன்.

அவருடைய கவிதைகளில் எஞ்சியவை நான்கு. கூட்ட அழைப்பிதழின் பின்புறத்தில் நம் உறுப்பினர் ஒருவர் கேட்டு எழுதிவைத்தவை அவை. நம் மலரில் அவை இடம்பெறுவதில் எனக்குச் சிறிது ஆறுதல்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இனி இங்குப் படிக்கப்படும் ஒவ்வொரு கவிதைக்கும் ஒரு படி, பெயரும் நாளும் இட்டு, வட்டத்தின் கோப்பில் சேரட்டும். அக்கோப்பைப் பேணும் பொறுப்பை இவ்வாண்டு நான் ஏற்கிறேன். கவிஞர்கள் எழுதுங்கள், நண்பர்களாகிய நாம் ஹெமிங்சாகவும் காண்டெலாகவும் இருப்போம். விடைத்தாள்கள் காத்திருக்கட்டும்.